மஞ்சள் தண்ணீர் போன வழி

மைசூரில் நாங்கள் வாங்கிய வீட்டில் கார் ஷெட் உண்டு, கார் கிடையாது. என் ஸ்கூட்டரும் மனைவியின் தையல் மெஷினும்தான் அதில் இருந்தன. முதல் கோடை மழையிலேயே உள்ளே தண்ணீர் புகுந்து, தைக்க வந்திருந்த கல்யாண வீட்டுத் துணி மூட்டை நனைந்துபோனது. ஒரு பட்டின் சாயம் இன்னொன்றில் இறங்கியிருந்தது. அவள் அதை விரித்துப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

குற்றம் தெருவுடையது என்று நினைத்தேன். தாருக்கு மேல் தார் போட்டு, ரோடு எங்கள் வாசலைவிட உயர்ந்திருந்தது. மேஸ்திரியைக் கூப்பிட்டு ஷட்டருக்கு வெளியே சிமென்டில் ஒரு மேடு கட்டினேன். ஷட்டரின் அடியில் ரப்பர் பட்டையும் ஒட்டினேன். அடுத்த மழையில் தெருத் தண்ணீர் மேட்டோடு ஒதுங்கிப் போனதைப் பார்த்து ஒரே பெருமை. ஷட்டரைத் தூக்கினால் உள்ளே பாதம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். நான் கட்டிய மேடு அதை வெளியே போகவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது.

"ரோட்டுத் தண்ணிய நிறுத்தீட்டீங்க. இது எங்கிருந்துங்க வந்துது?" என்றாள் மனைவி.

உள்ளே சுற்றிப் பார்த்தேன். சுவர் காய்ந்திருந்தது. கூரை ஒழுகவில்லை. மூலையில், தரை விரிசலிலிருந்து தண்ணீர் மெல்லக் கொப்பளித்தது. ஊற்றாக இருக்குமோ? ஊற்றென்றால் வெயில் நாளிலும் வரவேண்டாமா?

மொட்டைமாடித் தண்ணீரை மண்ணுக்கடியில் கொண்டுபோகும் குழாய் உடைந்திருக்கும் என்பது அவள் யோசனை. "மஞ்சத்தூளக் கரைச்சு மேல ஊத்தறனுங்க. உள்ள மஞ்சளா வந்தா நம்ம கொழாய்தான்."

ஞாயிற்றுக்கிழமை மழையில் குடையும் வாளியுமாக மாடிக்குப் போனாள். நான் விரிசலின் முன் குந்தியிருந்தேன்.

"மஞ்ச வந்துதுங்களா?"

"இல்ல, தெளிவாத்தான் வருது."

"நல்லாப் பாருங்க!"

இன்னொரு வாளி ஊற்றினாள். அப்போதும் தெளிந்த தண்ணீர்தான். ஊற்றிய மஞ்சள் எங்கேதான் போனது?

அதற்குள் கேட் தடதடத்தது. பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் ரிட்டையரான டீச்சர். கன்னடக்காரர், எங்களோடு தமிழில்தான் பேசுவார். முகம் வெளிறியிருந்தது.

"சார், எங்க மனெ முந்தே, வாசல் எல்லாம் மஞ்ச நீரு! யாராவது மந்திரம் கிந்திரம் பண்ணிட்டாங்களா?"

மனைவி வாளியோடு இறங்கி வந்து விஷயத்தைச் சொன்னாள். டீச்சர் சிரிக்கவில்லை. ஷெட்டுக்குள் வந்து விரிசலையே பார்த்தார்.

"அப்போ எங்க மாடி நீரு எல்லி, எங்கே போகுது?"

விடைக்குக் காத்திராமல் வீட்டுக்குப் போனவர், குங்குமம் கரைத்துத் தன் மாடியிலிருந்து ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் எங்கள் ஷெட்டின் மூலை சிவந்தது. ரத்தம் போலப் பரவியதைக் கண்டு, காரணம் தெரிந்தும் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிளம்பர் காம்பவுண்டுச் சுவரடியில் தோண்டினார். எங்கள் குழாய் டீச்சர் வீட்டுப் பக்கமும், அவர் குழாய் எங்கள் பக்கமும் போயிருந்தன. இரண்டுமே உடைந்திருந்தன. இரண்டு வீடுகளையும் கட்டியவர்கள் அண்ணன் தம்பி. இப்படி ஏன் போட்டார்கள் என்று கேட்டேன். "கட்டினவங்களத்தான் சார் கேக்கணும்" என்றார் பிளம்பர். அவர்கள் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியாது.

அவரவர் தண்ணீர் அவரவர் வாசல் வழியாகச் சாக்கடைக்குப் போகும்படி புதுக்குழாய் போட்டோம். அடுத்த பெருமழையில் ஷெட் தரை உலர்ந்தே கிடந்தது. டீச்சர் வாசலில் வழக்கமாக ஊறும் ஈரமும் இல்லை.

அன்று அவர் எங்கள் ஷெட்டில் உட்கார்ந்து காபி குடித்தார். தம்பி தப்பாகப் பதித்திருப்பான் என்றார். அண்ணன் வேண்டுமென்றே செய்தது என்றாள் மனைவி. வீடு கட்டும்போது நடுவில் சுவரே இருந்திருக்காது என்றேன் நான். அப்படியானாலும் இரண்டு குழாய்களும் எதற்காகக் குறுக்கே போகவேண்டும் என்று டீச்சர் கேட்டார்.