எட்டு மணிச் சொல்

அவரை எல்லாரும் நெட்டையர் என்றுதான் கூப்பிட்டார்கள். கம்பெனிச் சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவருடைய சொந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை. ஆறடி மூன்றங்குலம் உயரம், இருபத்து நான்கு வருடமாக லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. அடுக்குமாடிக் கட்டடங்களின் உச்சியில் இருக்கும் மோட்டார் அறைகளை யாரோ குள்ளர்களுக்கென்றே கட்டிவைத்திருக்கிறார்கள். கதவு நிலையில் நெற்றியை இடித்துக்கொள்ளாமல் அவர் உள்ளே போன நாள் குறைவு.

குடிப்பார். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை. தெருவில் விழுந்து கிடந்தவரல்ல, மனைவியைக் கைநீட்டி அடித்தவரல்ல, ஒரு நாள் வேலைக்கு மட்டம் போட்டவருமல்ல. தொல்லையே அதுதான். விழுந்து கிடப்பவனை நாலு பேர் தூக்கிவிட்டு நாலு வார்த்தை திட்டவாவது செய்வார்கள். நேராக நடந்து வீட்டுக்கு வந்து, செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிட உட்காருகிறவனை யார் என்ன சொல்ல முடியும்? மனைவி ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தாள். பிறகு வாய் வலித்து விட்டுவிட்டாள்.

கூட்டாளி வேறு யாருமில்லை, மனைவியின் தம்பிதான். அவரே கம்பெனியில் சொல்லிச் சேர்த்துவிட்டு, தொழில் கற்றுக்கொடுத்து, பதினான்கு வருடமாகக் கூடவே வைத்துக்கொண்டவன். வேலை முடிந்ததும் இருவரும் ஒரே கடைக்குப் போவார்கள், ஒரே மேசையில் உட்காருவார்கள். அவருக்குத் தாங்கும், மைத்துனனுக்குத் தாங்காது. குடித்தால் அவனுக்குக் கோபம் வரும், வீட்டில் பாத்திரம் பறக்கும். ஒரு நாள் அவன் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்கும் சேர்த்து அன்று இருவரும் குடித்தார்கள்.

நெட்டையரை உலுக்கியது வேறொன்று. வெளியூரில் படித்துக்கொண்டிருந்த மகளுக்கு வேலை கிடைத்தது. இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அப்பாவுக்குத்தான் முதலில் போன் செய்தாள். அவர் இருபது நிமிடம் பேசினார். சிரித்தார், கண்கலங்கினார், "நீதான்டா என் சொத்து" என்றார். மறுநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே மனைவியிடம், "பொண்ணுகிட்டயிருந்து ஏதாவது தகவல் வந்துச்சா? ஒரு வாரமா போனே காணோம்" என்று கேட்டார்.

மனைவி அவரை வெறித்துப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. போனை எடுத்து, பேசிய நேரத்தைக் காட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்த இருபது நிமிடத்தை எப்படித் துழாவியும் அவருக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. மகள் தன் வாழ்க்கையின் நல்ல சேதியை ஒரு காலிப் பாட்டிலிடம் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்தபோது அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அன்று மோட்டார் அறையில் உட்கார்ந்து மைத்துனனிடம் சொன்னார். "மாப்ளே, குறைச்சுக்கணும்டா. தனியா என்னால முடியாது. நீயும் வா."

"அடியோட விடவா மாமா?"

"அது வாயில வர்ற வீரம். சனிக்கிழமை மட்டும், உங்க அக்கா கையால ரெண்டு டம்ளர். மத்த நாள்ல தொடக்கூடாது."

"குறைச்சா என் வீட்டுக்காரி திரும்பி வருவாளா மாமா?"

"குறைச்சுப் பாரு. வருவா."

இனி அவர்களுடைய வேலைமுறையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். லிஃப்ட் வேலைக்கு எப்போதும் இரண்டு ஆள். ஒருவர் உச்சியில் மோட்டார் அறையில், மற்றவர் கீழே லிஃப்ட் ஓடும் கூண்டுக்குள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. வாக்கி டாக்கியில் குரல் மட்டும்தான். கீழே இருப்பவர் ஒரு சொல் சொல்வார். மேலே இருப்பவர் அந்த வேலையைச் செய்துவிட்டு அதே சொல்லைத் திருப்பிச் சொல்வார். "மெயின் ஆஃப்" என்றால், சுவிட்சை இறக்கிப் பூட்டிவிட்டு "மெயின் ஆஃப்." சொல் திரும்பி வராமல் கை எதன்மேலும் படாது. இத்தனை வருடம் இருவரும் முழுக் கைகால்களோடு வீடு திரும்பியது இந்தப் பழக்கத்தால்தான்.

அதையே குடி விஷயத்துக்கும் வைத்துக்கொண்டார்கள். தினமும் இரவு எட்டு மணிக்கு மைத்துனன் போன் செய்வான். "தொடலை மாமா" என்பான். இவர் "தொடலை" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

முதல் பத்து நாள் நரகம். தூக்கம் வரவில்லை, வியர்த்துக் கொட்டியது, கையில் ஸ்குரூ டிரைவர் தந்தியடித்தது. கம்பெனி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். நடக்கத் தனியாக நேரம் ஏது? வேலைக்குப் போகிற கட்டடங்களில் படியேறுவது என்று தீர்மானித்தார்கள். ஊர் சும்மா இருக்குமா? "ரிப்பேர் பண்ணவங்களே ஏற மாட்டேங்கறாங்க, நம்ம உயிரு என்ன கிள்ளுக்கீரையா?" என்று ஒரு கட்டடத்து அம்மாள் லிஃப்ட் ஏற மறுத்துவிட்டாள். அவளைச் சமாதானப்படுத்த நெட்டையர் இரண்டு தரம் மேலும் கீழும் லிஃப்டில் போய்வர வேண்டியதாயிற்று.

மாலையில் கடைக்குப் போன நேரத்தில் இப்போது வயிறு பசித்தது. மனைவி வேகவைத்த கடலையும் வெள்ளரிக்காயும் டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். இரண்டு டப்பா, தம்பிக்கும் சேர்த்து. சனிக்கிழமைகளில் இரண்டு டம்ளரை அளந்து ஊற்றிவிட்டு, பாட்டிலை எங்கே ஒளிக்கிறாள் என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. இரண்டாம் மாதத்தில் நெட்டையருக்குக் கை நடுக்கம் நின்றது. மூன்றாம் மாதத்தில் மைத்துனன் மனைவி திரும்பி வந்தாள். பெட்டியை முழுதாகப் பிரிக்காமல் கட்டிலுக்கடியில் வைத்திருந்தாள் என்றாலும், வந்தாள். மகள் போன் செய்து பேசியதை நெட்டையர் மறுநாள் மனைவியிடம் வரி வரியாக ஒப்பித்தார். பரீட்சையில் பாசான பிள்ளை தோற்றுப்போகும், அத்தனை பெருமை.

நாலாம் மாதம் ஒரு புதன்கிழமை, பழைய சூப்பர்வைசர் ஓய்வுபெற்ற விருந்து. மைத்துனன் குழந்தைக்குக் காய்ச்சல் என்று வரவில்லை. "உங்களுக்கு நான் இருபது வருஷம் சோறு போட்டிருக்கேன், ஒரு கிளாஸ் எடுக்க மாட்டீங்களா?" என்று கேட்டார் சூப்பர்வைசர். நெட்டையர் எடுத்தார். ஒரே ஒரு நாள்தானே என்று நினைத்தார். இந்த ஒரே ஒரு நாளைப் போல இரண்டும் மூன்றுமாய்ப் பிள்ளை பெறுகிற நாள் வேறு கிடையாது. எட்டு மணிக்குப் போன் வந்தது.

"தொடலை மாமா."

"தொடலை."

சொல்லிவிட்டுத்தான் அவருக்கே தெரிந்தது. கேட்ட சொல்லைத் திருப்பிச் சொல்லி இருபத்து நான்கு வருடம் பழகிய வாய். மனசைக் கேட்காமலே சொல்லிவிட்டது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். மறுநாள் வீட்டுக்குத் திரும்பும் வழியில் கால் கடைப்பக்கம் போயிற்று. எட்டு மணிக்கு மறுபடியும் "தொடலை." இப்படி ஒன்பது நாள். ஏலக்காயை மென்றுகொண்டு வீட்டுக்குள் நுழைந்தார். ஏழாம் நாள் மனைவி முகத்தைப் பார்த்து, "உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டாள். வெயில் என்றார்.

பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை, எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. லிஃப்ட் கூண்டின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் இறங்கி வேலை செய்பவர் அவசரத்துக்கு லிஃப்டை நிறுத்த ஒரு சுவிட்ச் இருக்கும். அந்தச் சுவிட்சே கெட்டுப்போயிருந்தது. அதை மாற்றத்தான் மைத்துனன் குழியில் இறங்கினான். குழந்தைகள் எட்டிப் பார்த்து விழுந்துவிடக் கூடாதென்று கதவை உள்ளிருந்து இழுத்து மூடிக்கொண்டான். கதவு திறந்திருந்தால் லிஃப்ட் ஓடாது, அது இப்போது மூடியாயிற்று. ஆகவே லிஃப்ட் நகராமல் இருக்க ஒரே காவல், மேலே நெட்டையர் கையிலிருந்த மெயின் சுவிட்ச்.

காலையிலிருந்து அவருக்குத் தலை இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தது. சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

"மெயின் ஆஃப்" என்றது வாக்கி டாக்கி.

"மெயின் ஆஃப்" என்றார்.

கை மடியிலேயே கிடந்தது.

இரண்டு நிமிடம் கழித்து மோட்டார் உறுமியது. மாடிக்கு மாடி 'வேலை நடக்கிறது' என்று பலகை தொங்கவிட்டிருந்தும், யாரோ பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். நெட்டையர் பாய்ந்து கைப்பிடியை இழுத்து இறக்கினார். மோட்டார் நின்றது. கீழேயிருந்து சத்தமே இல்லை. வாக்கி டாக்கியை அழுத்திக்கொண்டு, "மாப்ளே, மாப்ளே" என்று கத்தினார். மனைவியின் தம்பி என்பதெல்லாம் அப்போது நினைவில் இல்லை. தான் வளர்த்த பிள்ளை செத்துவிட்டான் என்றே நினைத்தார்.

"இருக்கேன் மாமா" என்றது குரல். "கை தப்பிச்சுது."

குழியின் ஓரத்தில் கம்பிக்கயிறு சுற்றியோடும் சக்கரம் ஒன்று உண்டு. பிடிமானத்துக்கு அதன்மேல் இடது கையை வைத்திருந்தான். கயிறு ஓடத் தொடங்கியதும் கையை உருவிக்கொண்டான். கையுறையை மட்டும் சக்கரம் இழுத்துக் கிழித்துப் போட்டிருந்தது.

எட்டு மாடியும் ஏறி அவன் மோட்டார் அறைக்கு வந்தபோது முகம் வெளுத்திருந்தது. வந்தவன் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுவிட்சைப் பார்த்தான்.

"ஆஃப் பண்ணியும் ஓடியிருக்குன்னா உள்ள காண்டாக்ட் ஒட்டிக்கிச்சு மாமா. பழைய சரக்கு. நல்ல வேளை, நம்மகிட்ட மாட்டுச்சு. டார்ச்சைப் பிடிங்க."

கட்டடத்தின் மின்சாரத்தைத் தரைத்தளத்தில் துண்டித்துவிட்டு வந்து, சுவிட்சின் மூடியைக் கழற்றினான். திருகாணிகளை ஒவ்வொன்றாகத் துணியில் வரிசையாக வைத்தான். காண்டாக்ட் என்கிற அந்தச் செப்புத் தகடுகளை விரலால் தடவினான், ஊதினான், சாய்த்துப் பார்த்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினான். கையை இழந்திருக்க வேண்டியவன், அந்தக் கையாலேயே இரும்பில் குற்றம் தேடிக்கொண்டிருந்தான். மாமா திருப்பிச் சொன்ன சொல் பொய்யாக இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. நெட்டையர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சும்மா இருந்திருக்கலாம். அவனே ஏதாவது ஒரு தேய்மானத்தைக் கண்டுபிடித்து, புதுச் சுவிட்ச் வேண்டும் என்று எழுதியிருப்பான். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

"மாப்ளே, மூடிடு. அதுல ஒண்ணுமில்ல."

"இருங்க மாமா, இந்தப் பக்கம் இன்னும் பார்க்கல."

"நான் ஆஃப் பண்ணவே இல்லடா."

அவன் நிமிரவில்லை. கை மட்டும் நின்றது.

"வாய் சொல்லிடுச்சு. கை செய்யல. ஒன்பது நாளா குடிக்கிறேன். எட்டு மணிக்கு நான் சொன்னதெல்லாம் பொய்."

மைத்துனன் திருகாணிகளை எடுத்து ஒவ்வொன்றாகத் திரும்பப் பூட்டினான். மூடியைப் பொருத்தினான். வேலைப் புத்தகத்தை எடுத்து, 'காரணம்' என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். நெட்டையர் புத்தகத்தை வாங்கினார். 'மெயின் சுவிட்ச் அணைக்கப்படவில்லை. தவறு என்னுடையது. குடித்திருந்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த வரிக்காகப் பின்னால் அவரை ஆறு மாதம் மோட்டார் அறைப் பக்கமே விடாமல் கிடங்கில் உட்கார வைத்தார்கள். அதைப் பற்றி அவர் யாரிடமும் குறை சொன்னதில்லை.

இருவரும் படியிறங்கினார்கள். நாலாவது மாடித் திருப்பத்தில் மைத்துனன் நின்றான். இன்னும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கைப்பிடிச் சுவரைப் பார்த்துப் பேசினான்.

"ஞாயித்துக்கிழமை வீட்ல சண்டை. கடைக்குப் போய்ட்டேன் மாமா. வாசல்ல நின்னுக்கிட்டுதான் உங்களுக்கு போன் பண்ணேன். நீங்க தொடலைன்னு சொன்னீங்க. மாமாவே தாக்குப்பிடிக்கிறார், நமக்கென்ன கேடுன்னு திரும்பி வந்துட்டேன். செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான்."

நெட்டையர் அந்த நீள உடம்பை மடக்கிப் படியில் உட்கார்ந்தார். பகல் பதினோரு மணிக்கு, ஊரார் ஏறி இறங்கும் படிக்கட்டில், ஐம்பத்தொரு வயது மனிதர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"இனிமே எட்டு மணிக்கு நான் யாருக்கு மாமா போன் பண்றது?" என்று கேட்டான் மைத்துனன். கோபமில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டான்.

நெட்டையர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எனக்கே பண்ணுடா. நீ எதுவும் சொல்லாத, கேளு. குடிச்சிருந்தா குடிச்சேன்னு சொல்றேன். இன்னிக்கு என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியல."

மைத்துனன் இரண்டு படி கீழே தானும் உட்கார்ந்துகொண்டான்.