பூஜ்யம் வந்தால் அனுமதி உண்டு

ஞானசெல்வியிடம் வாயைக் கொடுத்துவிட்டு மீண்டவர்கள் எங்கள் மில்லில் குறைவு. போடி கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஞானசிகாமணியின் ஒரே மகள். மதுரையில் கணக்குப் பாடம் படித்து, மேற்கொண்டு கம்ப்யூட்டரும் படித்துவிட்டு, 1987இல் தேனிப் பக்கம் இருந்த எங்கள் நூற்பு மில்லுக்கு வேலைக்கு வந்தாள். மேனேஜர் ராஜமணிக்கே இல்லாத ஏ.சி. அவள் அறையில் இருந்தது. கம்ப்யூட்டர் மெஷினுக்காகப் போட்டதுதான், ஆனாலும் பாதிப் பேருக்கு அதிலேயே வயிற்றெரிச்சல்.

நான் சண்முகராஜ், டைம் ஆபீஸ் கிளார்க். தொழிலாளிகளின் அன்றைய வருகையை என் மேஜை டெர்மினலில் தட்டுவது என் வேலை. சாயங்காலம் அதை அவள் வருஷப் பதிவுக் கோப்பில் சேர்ப்பாள். அந்தக் கோப்பை நான் பார்க்கலாம், கை வைக்க முடியாது. திருத்தப் போனால் 'அனுமதி இல்லை' என்று மெஷின் மூஞ்சியில் அடித்தாற்போலச் சொல்லிவிடும்.

எண்பத்தெட்டு நவம்பரில் தேவதானப்பட்டியில் என் தங்கை கல்யாணம். அந்த அலைச்சலில், நூல் சுற்றும் கோன் வைண்டிங்கில் வேலை பார்த்த பாக்கியத்தின் ஒன்பது நாள் வருகையைத் தட்ட மறந்துவிட்டேன். எங்கள் மில்லில் வருஷத்துக்கு இருநூற்று நாற்பது நாள் வந்தவர்களைத்தான் நிரந்தரமாக்குவார்கள். டிசம்பர் பட்டியலில் அவளுக்கு இருநூற்று முப்பத்தொன்று. அவள் என் மேஜைக்கு முன்னால் நின்று அழுதாள். தப்பு என்னுடையது என்று எனக்குத் தெரியும். மேனேஜரிடம் போய்ச் சொல்ல வாய் வரவில்லை. எதற்கும் பார்ப்போம் என்று வருஷக் கோப்பைத் திறந்து ஒன்பதைக் கூட்டிச் சேமித்தேன். மெஷின் மறுப்புச் சொல்லவில்லை. எப்படி என்று யோசிக்கக்கூட இல்லை. தப்பித்தோம் என்று டீ குடிக்கப் போனேன்.

ஜனவரியில் ராஜமணி பழைய பட்டியலையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டார். அந்தக் கோப்பில் எழுதக்கூடியவள் செல்வி ஒருத்திதான் என்று மில் முழுக்கத் தெரியும். போதாதா?

"ஒங்க வேதக்காரப் பொண்ணுன்னு ஒன்பது நாளு கூட்டிப் போட்டியாக்கும்?" என்று எல்லோர் முன்னாலும் அவளைக் கேட்டார்.

"பாக்கியம் ரோமன் கத்தோலிக்கம் சார், நாங்க சி.எஸ்.ஐ. எங்க கோயில்லயே நான் யாருக்கும் சலுகை காட்டுனதில்ல" என்றாள் செல்வி. சரியான பதில்தான். ஆனால் ராஜமணிக்கு ஏறவில்லை. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை, திருப்தியில்லையென்றால் வேலை நீக்கம் என்று கடிதம் கொடுத்தார். மெஷினில் நேராகக் கட்டளை தட்டும் வசதியையும் பிடுங்கிவிட்டார். புரோகிராம் எழுதி ஓட்டுவதற்கு மட்டும் வழி விட்டுவைத்தார். அதையும் நிறுத்தினால் சம்பளப் பட்டியல் வராதே.

நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். மூன்று நாள் அவள் முகத்தைப் பார்க்காமல் நடந்தேன்.

வியாழக்கிழமை ஒன்பதரை மணிக்கு அவளே என் மேஜைக்கு வந்தாள்.

"அண்ணே, ஒங்க பேர்ல உள்ள போயி ஒரு புரோகிராம் ஓட்டிப் பார்க்கட்டுமா?"

"என்னத்துக்குத்தா?"

"கோப்பு ஒவ்வொண்ணுலயும் யாரு படிக்கலாம், யாரு எழுதலாம்னு மெஷின் குறிச்சு வச்சிருக்கும். புரோகிராமுக்குள்ள இருந்தே அதக் கேக்கலாம். என் சீட்டுல கேட்டேன், ஒரு நம்பரு வந்துச்சு. அதக் காட்டுனா, நீயா அடிச்ச நம்பருன்னு சொல்லுவாக. வேற ஆளு பேர்ல, வேற சீட்டுல மெஷினே பதில் சொல்லட்டும்."

முடியாது என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை. எழுந்து இடம் விட்டேன். அவள் உட்கார்ந்து தட்டத் தொடங்கினாள். பத்துப் பதினைந்து வரிதான். அந்த மெஷின் புரோகிராமைத் தயார் செய்ய மூன்று நிமிஷம் எடுக்கும்.

திரையில் ஒரே ஓர் எண் வந்தது. பூஜ்யம்.

ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம்? எனக்கு மூச்சு வந்தது. "பூஜ்யம்னா அனுமதி இல்லைல்ல?" என்றேன்.

"இல்லண்ணே. எழுதலாமான்னு கேட்டா, முடியாதுங்கதுக்கு மைனஸ் ஒண்ணு வரும். பூஜ்யம் வந்தா அனுமதி உண்டு." அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "இந்தக் கோப்பு எல்லாருக்கும் தெறந்து கெடக்கு. நான் தெறக்கல. யாருண்ணே தெறந்தா?"

அது எனக்குத் தெரியும். ஆயுத பூசையன்று எங்கள் மில்லில் ஒரு பூட்டும் பூட்டியிருக்கக் கூடாது. பஞ்சுக் கிடங்கு, அலமாரி, மேஜை டிராயர் எல்லாம் திறந்து கிடந்தால்தான் சந்தனம் வைப்பார்கள். போன அக்டோபரில் அந்தப் பூசையன்று அவள் விடுப்பு. மெஷினைப் பார்க்க மெட்ராஸிலிருந்து வந்த இன்ஜினீயரிடம், "இதுக்குள்ள இருக்குற பூட்டையும் தொறங்க" என்றார் ராஜமணி. அவரும் சிரித்துக்கொண்டே ஏதோ ஒரு வரி தட்டினார். மறுநாள் மற்றப் பூட்டுகளைப் பூட்டினோம். இது யார் கண்ணுக்கும் தெரியாத பூட்டு.

எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன், ஒன்பதைக் கூட்டியது நான் என்பதைத் தவிர.

பதினொரு மணிக்கு ராஜமணி என் டெர்மினலுக்கே வந்து நின்று பார்த்தார். செல்வி மறுபடி ஓட்டினாள். பூஜ்யம். ஆயுத பூசை விவரத்தை அவள் சொன்னதும் அவர் முகம் தொங்கிவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"சரி, எல்லாரும் எழுதலாம். எழுதுனது யாரு? அதையும் ஒன் புரோகிராம்ட்டயே கேளு."

"அனுமதி யாருக்குன்னுதான் மெஷினு சொல்லும் சார். கை வச்சது யாருன்னு சொல்லாது."

"அப்ப நீ இல்லைங்கறதுக்கு என்ன சாட்சி?"

செல்வி உதட்டைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தான் சார் எழுதுனேன்" என்றேன். "அந்த ஒன்பது நாளும் பாக்கியம் வேலைக்கு வந்தாக. அவுக வருகை அட்டையெல்லாம் என் டிராயர்ல கெடக்கு. நான்தான் தட்ட மறந்துட்டேன்."

அட்டைகளைப் பார்த்துவிட்டு, பாக்கியத்தின் ஒன்பது நாளை ராஜமணி ஒத்துக்கொண்டார். செல்விக்குக் கொடுத்த கடிதத்தை அவள் கண்ணெதிரிலேயே கிழித்தார். என்னை அன்றே வெளியே அனுப்பினார். அதில் எனக்கு மனத்தாங்கல் கிடையாது.

சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கேட் பக்கம் வந்தேன். அவள் பின்னாலேயே வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன், பாருங்கள் என் புத்தியை.

"மூணு நாளா எங்கப்பா எங்கூடப் பேசல. நான் செய்யலன்னு சத்தியம் பண்ணியும் நம்பல. மெஷினு பொய் சொல்லுமாங்காக" என்றாள். "மில்லுல சொன்னது பத்தாதுண்ணே. இப்ப வர்ற பஸ்லயே போடிக்குப் போயி, எங்கப்பாட்ட சொல்லிட்டு வீட்டுக்குப் போங்க."

போடி பஸ்ஸில் ஏறினேன்.