அன்றைய பங்கில் இல்லாத வசனம்

எனக்கு இரண்டு காரியங்கள் நன்றாக வரும். ஒன்று, திக்காமல் திணறாமல் வேதம் வாசிப்பது. மற்றது கோபம். முதலாவதை ஈரோட்டில் பெண்கள் விடுதிப் பள்ளியில் கற்றேன். இரண்டாவதை யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. இரண்டையும் ஒரே காலைப் பொழுதில் சேர்த்துச் செய்ததால் எங்கள் ராகிப் பயிர் காய்ந்துபோகப் பார்த்தது. யுத்தம் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முந்திய சங்கதி அது.

கல்யாணமாகி மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு வந்திருந்தேன். என் வீட்டுக்காரர் அந்தக் குடும்பத்தில் தனி ஆளாக ஞானஸ்நானம் பெற்றவர். அவருக்கு எழுத்து வாசனை கிடையாது. படிக்கத் தெரிந்த பெண்தான் வேண்டும், தினமும் வேதம் வாசித்துக் காட்ட வேண்டும் என்று சபை உபதேசியாரிடம் கேட்டு என்னைக் கட்டிக்கொண்டவர். இதெல்லாம் அவருடைய அண்ணனுக்கு, அதாவது என் மூத்தாருக்கு, கொஞ்சமும் பிடிக்கவில்லை. வீட்டுக்கு நடுவில் ஓர் ஆள் உயரத்துக்கு மண்சுவர் வைத்துப் பாகம் பிரித்துவிட்டார். நிலத்தையும் பிரித்தார். கிணற்றைப் பிரிக்க முடியவில்லை. இருந்தது ஒரு சோடி எருது. ஆளுக்கு ஒன்று.

ஒற்றை எருதை வைத்துக்கொண்டு கவலை, அதாவது கிணற்று ஏற்றம், ஓட்ட முடியாது. தண்ணீர் நிறைந்த தோல் பையைக் கிணற்றிலிருந்து மேலே இழுக்க இரண்டு மாடுகள் வேண்டும். அதனால் யாரும் வாய்விட்டுப் பேசாமலே ஒரு வழக்கம் ஏற்பட்டது. விடிந்ததும் மூத்தார் தம் எருதை ஓட்டிவந்து எங்கள் எருதோடு பூட்டுவார். ஒரு நாள் தண்ணீர் அவர் காட்டுக்கு, மறுநாள் எங்கள் காட்டுக்கு. அண்ணனும் தம்பியும் நாள் முழுக்க மாட்டோடு பேசுவார்கள். தங்களுக்குள் ஒரு வார்த்தை கிடையாது.

மாடு பூட்டுவதற்கு முன்னால் எங்கள் வேத வாசிப்பு முடிந்துவிடும். தினம் பாதி அதிகாரம், வரிசையாக; அதுதான் அன்றைய பங்கு. விட்ட இடத்தில் ஒரு சிவப்பு நூலை வைத்து மூடுவேன். நான் படிக்கப் படிக்க அவர் சம்மணம் போட்டுக் கைகட்டிக் கேட்பார். சுவருக்கு அந்தப் பக்கம் என் ஓரகத்தி, மூத்தாரின் மனைவி, அதே நேரம் பார்த்து உரலில் கம்பு குத்துவாள். என் குரலை அமுக்கத்தான் குத்துகிறாள் என்று எனக்குத் தீர்மானம். நான் குரலை உயர்த்துவேன். உலக்கையும் விடாது. ஜெபம் முடிகிறபோது எனக்குத் தொண்டை கட்டியிருக்கும். சமாதானம் தரும்படி கேட்கிற ஜெபத்தை அந்தத் தொண்டையோடுதான் தினமும் செய்துவந்தேன்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு நான் கச்சாயம் சுட்டேன். வெல்லப் பாகில் செய்கிற பலகாரம். முதல் தட்டைச் சுவரைச் சுற்றிப் போய் ஓரகத்தி வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை வாசிப்பு முடிந்து கிணற்றடிக்குப் போனால், மூத்தாரின் எருது தவிட்டுக் கூடையில் முகத்தை விட்டு என் கச்சாயத்தை ரசித்துத் தின்றுகொண்டிருக்கிறது. எனக்கு உச்சந்தலை சூடேறிவிட்டது.

அடுத்த காலையில் சிவப்பு நூல் இருந்த இடத்தை நான் திறக்கவில்லை. பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போய், அவிசுவாசிகளை விட்டுப் பிரிந்து வாருங்கள், அசுத்தமானதைத் தொடாதீர்கள் என்ற பொருளில் வருகிற பகுதியைத் தேடிப் பிடித்தேன். சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசித்தேன். முடித்துவிட்டு மறுபடியும் வாசித்தேன். இரண்டாவது தடவையின் நடுவில் உலக்கை நின்றுவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அன்று மூத்தார் எருதை ஓட்டி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தீட்டுப்பட்டவர்களின் மாட்டோடு உங்கள் மாடு எதற்கு என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வராமல் இருந்தார், அவ்வளவுதான்.

ராகி கதிர் வாங்குகிற நேரம். அப்போது ஒரு வாரம் தண்ணீர் தவறினால் மணி பிடிக்காத வெறும் சாவிதான் மிஞ்சும். பக்கத்துத் தோட்டங்களில் மாடு கேட்டுப் பார்த்தோம். யார் மாடும் சும்மா நிற்கவில்லை. நானும் என் வீட்டுக்காரருமாக விடியுமுன்னே தொடங்கிக் குடத்தில் சேந்திச் சேந்தி ஊற்றினோம்; அதில் வேத வாசிப்பும் நின்றுபோனது. மூன்று நாளில் ஒரு பாத்தி ஓரம்கூடச் சரியாக நனையவில்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் மூத்தாரின் ராகியும் தலை தொங்கி நின்றது. இரண்டு வீட்டிலும் ஒவ்வோர் எருது கட்டுத்தறியில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் குடத்தை இறக்கிவைத்துவிட்டு என் வீட்டுக்காரர் கேட்டார்.

"ஏம்புள்ள, அன்னைக்கு நீ படிச்சது அன்னைக்குப் பங்குதானா?"

நான் ஈரக் கையை முந்தானையில் துடைத்தேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா நூலு எங்க இருக்குதுன்னு தெரியும். நீ அதத் தாண்டிக் கடைசிப் பக்கமாப் போயிட்ட."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். அந்த வசதியை அவர் எனக்குக் கொடுக்கவில்லை. கைகட்டிக் கேட்கிற மனிதரின் பசிக்கு வைத்திருந்த வசனத்தை எடுத்து நான் பக்கத்து வீட்டின் மேல் எறிந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அழுதேன்.

மறுநாள் காலையில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, திறக்காமல், சுவரைப் பார்த்துப் பேசினேன்.

"அக்கா, கேக்குதுங்களா? அன்னைக்கு நான் படிச்சது அன்னைக்குப் பங்கு இல்லீங்க. உங்களுக்குக் கேக்கோணும்னே தேடி எடுத்தேன். கச்சாயத்த மாட்டுக்குப் போட்டுட்டீங்கன்னு கோவம். தப்பு என்னோடதுதானுங்க."

அந்தப் பக்கம் உலக்கைச் சத்தம்கூட இல்லை. ஆள் இல்லையோ என்று நினைத்தேன். பிறகு ஓரகத்தியின் குரல் வந்தது.

"பாகு முறுகிப் போச்சு புள்ள. பல்லுல கடிக்க முடியல. மாட்டுக்குத்தான் பல்லு கெட்டி."

நிஜமாகவே முறுகியதா, எனக்காகச் சொன்னாளா, இன்றுவரை தெரியாது. என் கைப்பக்குவத்தை நினைத்தால் முறுகித்தான் இருக்கும். என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"அது கெடக்குது," என்றாள் அவள். "பன்னி மேச்ச பையன் ஊட்டுக்கு வந்தான், அப்பங்காரன் கட்டிப் புடிச்சு விருந்து வெச்சான். அதுக்கப்பறம் என்னாச்சுன்னு நீ படிக்கவே இல்லையே."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கச்சாயம் பார்த்த நாளன்று வாசித்தது அதுதான். சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போய் அழித்த இளைய மகன் திரும்பி வந்து, வீட்டில் விருந்து தொடங்கிய இடத்தில் நூலை வைத்து மூடியிருந்தேன். உலக்கைச் சத்தத்துக்கு நடுவே அவள் இத்தனை நாளும் ஒரு சொல் விடாமல் கேட்டுவந்திருக்கிறாள்.

நூல் இருந்த பக்கத்தைத் திறந்தேன். மூத்த மகன் காட்டிலிருந்து வருகிறான். வீட்டில் ஆடல் பாடல் கேட்கிறது. தம்பிக்காக விருந்து என்று தெரிந்ததும் கோபம் வந்து உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றுவிடுகிறான். அப்பா வெளியே வந்து கெஞ்சுகிறார். இத்தனை வருஷம் உழைத்தேனே, எனக்கு என்ன செய்தீர் என்று அவன் கேட்கிறான்.

"அவன் கேட்டது நாயந்தானே," என்று சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆண்குரல் சொன்னது. மூத்தார். அவரும் அங்கேதான் இருந்திருக்கிறார். தம்பி மனைவியோடு நேராகப் பேசும் வழக்கம் இல்லாததால் அதை அவர் தம் மனைவியிடம் சொன்னதாக வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் மீதியை வாசித்தேன். செத்துப்போனவன் பிழைத்து வந்திருக்கிறான், சந்தோஷப்பட வேண்டாமா என்று அப்பா கேட்பதோடு கதை முடிந்துவிட்டது.

"அப்பறம்?" என்றாள் ஓரகத்தி. "அண்ணங்காரன் உள்ள போனானா இல்லியா?"

"அத எழுதலீங்க அக்கா. இவ்வளவுதான் இருக்குது."

அன்றும் நாங்கள் குடத்தைத்தான் தூக்கினோம்.

அதற்கு மறுநாள் வாசிப்புக்கு நான் புத்தகத்தை எடுப்பதற்குள் கிணற்றடியில் மணிச் சத்தம் கேட்டது. இருவரும் வெளியே ஓடினோம். மூத்தார் தம் எருதைப் பூட்டிவிட்டு, எங்கள் எருதையும் அவரே அவிழ்த்துக்கொண்டு வந்து பக்கத்தில் பூட்டிக்கொண்டிருந்தார். அன்று முறைப்படி தண்ணீர் யாருக்கு என்று எங்களில் எவருக்கும் நினைவில்லை. மடையை அவர் எங்கள் காட்டுப் பக்கம் திறந்துவிட்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் அண்ணனுக்குப் பக்கத்தில் போய் நின்றார். மூத்தார் திரும்பிப் பார்க்கவில்லை. எருதின் கழுத்தைத் தடவியபடி, எருதிடமே சொன்னார்.

"உள்ள போயிருப்பான். சோத்து நேரத்துல எத்தன நேரந்தான் வெளிய நிப்பான்."