தனக்கு எதிராகப் பேசியவள்

எங்கள் தெருவில் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவோம். கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டாள். "என்ன?" என்று திரும்புவாள். அதற்குப் பிறகு பேசுவது அவள்தான். நமக்கு இடம் கிடைக்காது.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. அவளுடைய அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அம்மா தையல்காரி. அப்பா மரவேலை செய்பவர். வீட்டு உரிமையாளர், மின்சார மீட்டர் பார்க்க வருபவர், ரவிக்கை இறுக்கிப் பிடிக்கிறது என்று சண்டைக்கு வரும் பெண்கள் என்று யார் வாசலில் வந்து நின்றாலும், அந்த வீட்டில் பேச இருந்தது ஒரே ஒரு வாய். நடை பழகி முடித்த கையோடு அவள் வீட்டுப் பேச்சாளர் ஆகிவிட்டாள். இந்தப் பக்கம் காதால் வாங்கி அந்தப் பக்கம் கைகளால் கொடுப்பாள். அந்தப் பக்கம் கண்ணால் வாங்கி இந்தப் பக்கம் வாயால் கொட்டுவாள்.

இதில் அவளுக்குச் சில வசதிகளும் இருந்தன. பள்ளிக்கூடத்தில் ஒருமுறை ஆசிரியை அவளைப் பற்றிப் புகார் சொல்ல அம்மாவை வரவழைத்தார். "வகுப்புல ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டேங்கிறா. வீட்டுப்பாடம் எழுதுறதே இல்ல. நீங்க கொஞ்சம் கண்டிக்கணும்" என்றார். வாயாடி அம்மாவின் பக்கம் திரும்பி, 'நன்றாகப் படிக்கிறேனாம், வகுப்பிலேயே நான்தான் கெட்டிக்காரியாம்' என்று கைகளால் சொல்லிவிட்டாள். அம்மா முகம் மலர்ந்து, மறுநாளே ஆசிரியைக்குப் பூவேலை செய்த ஒரு கைக்குட்டையைக் கொடுத்தனுப்பினாள்.

வளர்ந்தபின் ஒரு செருப்புக் கடையில் விற்பனைக்குச் சேர்ந்தாள். அங்கே அவள் வாய்க்கு நல்ல மரியாதை. ஒரு ஜோடி வாங்க வந்தவர்கள் இரண்டு ஜோடியோடு போவார்கள். பஸ் டிரைவர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். நாள் முழுக்க ஹாரன் சத்தத்தில் இருந்துவிட்டு வருபவர் அவர். வீட்டுச் சத்தம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

அவள் நாற்பது வயதைத் தாண்டியபோதுதான் இந்தக் கதை தொடங்குகிறது. அப்பாவுக்கு ஒரு பெரிய ஆபரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை அப்பாவுக்கும், அப்பா கேட்டதை டாக்டருக்கும் அவள் கொண்டுசேர்த்த விதத்தை வார்டின் தலைமை நர்ஸ் கவனித்திருக்கிறார். அப்பா குணமாகி வீடு திரும்பிய பின்னும், காது கேட்காத நோயாளி யார் வந்தாலும் தலைமை நர்ஸிடமிருந்து செருப்புக் கடைக்குப் போன் வரும். அவள் மேலாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஓடிப்போய்ப் பேசிவிட்டு வருவாள்.

கடைசியில் ஆஸ்பத்திரியே சைகை மொழிபெயர்ப்பாளர் வேலை ஒன்றை அறிவித்தது. "கண்ணை மூடிக்கிட்டுப் போடு. உனக்குன்னே வந்த வேலை" என்றார் தலைமை நர்ஸ். போட்டாள். சில வாரங்களில் பதில் வந்தது. அவளிடம் சைகை மொழிபெயர்ப்பில் டிப்ளமோ இல்லை. ஆகவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. அவ்வளவுதான்.

கடையின் பின்னறையில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு முக்காலியில் உட்கார்ந்து அதைப் படித்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை; சுருக்கென்றுதான் இருந்தது. 'நான் பேச ஆரம்பித்த மொழிக்கே சான்றிதழ் கேட்கிறார்களா?'

வீட்டுக்கு வந்து கணவரிடம் கொட்டினாள். அவர் தண்ணீரைக் குடித்தபடியே, "அதுல என்ன தப்பு? லைசென்ஸ் இல்லாம என்னை பஸ் ஓட்ட விடுவாங்களா?" என்று கேட்டுவிட்டார். அன்று மாலை முழுக்க அவள் அவரோடு பேசவில்லை. அந்த வீட்டில் அது பூகம்பத்துக்குச் சமம். படுக்கப் போகுமுன் அவரே பயந்துபோய், "சரி, மேல்முறையீடு பண்ணலாம்னு உங்க நர்ஸம்மா சொன்னாங்கல்ல? நீ சொல்லு, நான் டைப் பண்றேன்" என்றார்.

அவள் சொல்லச் சொல்ல, இரண்டு விரலால் தட்டினார். பக்கங்கள் நீண்டுகொண்டே போயின. கடைசியில் அவர் கையை உதறிக்கொண்டு, "நீ பேசுற மாதிரியே அனுப்பினா, படிச்சு முடிக்கிறதுக்குள்ள அவங்க ரிட்டயர் ஆயிடுவாங்க" என்றார். ஒரே பக்கமாகக் குறைத்து அனுப்பினார்கள்.

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். ஆஸ்பத்திரி நிர்வாகக் கட்டடத்தின் மாடியில் நீளமான மேஜை போட்ட ஓர் அறை. ஏசி சொட்டுச் சொட்டாக ஒழுகி ஒரு பிளாஸ்டிக் வாளியை நிரப்பிக்கொண்டிருந்தது. மூலையில் ஒரு எழுத்தர் கணினியோடு உட்கார்ந்திருந்தார். அறையில் பேசுவதை எல்லாம் அவர் தட்டத் தட்ட, எழுத்துகள் சுவரில் இருந்த திரையில் ஓடும். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர்: விசாரணைக்குத் தலைமை வகித்த அம்மையார், ஆட்களை வேலைக்கு எடுக்கும் பிரிவின் அதிகாரி, கருத்துச் சொல்ல அழைக்கப்பட்ட சைகை மொழி ஆசிரியர்.

ஆசிரியருக்கு முப்பது வயதுதான் இருக்கும். மடிப்புக் கலையாத சட்டை. அவருக்கும் காது கேட்காது. அவர் சைகையில் சொல்வதை மற்றவர்களுக்குப் பேச்சிலும், மற்றவர்கள் பேசுவதை அவருக்குச் சைகையிலும் சொல்ல ஒரு மொழிபெயர்ப்பாளர் வரவேண்டியிருந்தது. வரும் வழியில் ஸ்கூட்டர் சறுக்கி அந்த மனிதருக்கு மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது; அவர் வரவில்லை. கை போனால் அந்தத் தொழிலில் எல்லாமே போச்சு.

"அப்படீன்னா இன்னொரு நாள் வெச்சுக்கலாம்" என்று தலைவி கோப்பை மூடப்போனார். ஆசிரியர் அவசரமாக ஒரு தாளில் எழுதி நீட்டினார். 'மூன்று பஸ் மாறி வந்திருக்கிறேன். இந்தம்மாவே சொல்லட்டும். தப்பாகச் சொன்னால் திரையில் நான் படித்துவிடுவேன்.'

தலைவி அவளைப் பார்த்தார். "அவர் உங்களுக்கு எதிராத்தான் பேசப்போறார். அதை நீங்களே எங்களுக்குச் சொல்லணும். முடியுமா?"

"சொல்றேன் மேடம். எப்படியும் எனக்கும் தெரியணும்ல?" என்றாள் வாயாடி.

ஆசிரியரின் கைகள் அசையத் தொடங்கின. "அவர் என்ன சொல்றார்னா..." என்று இவள் ஆரம்பித்ததுமே அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். வேகமாக ஏதோ சொன்னார். அவள் அதையும் சொன்னாள்.

"மொழிபெயர்ப்பாளர் 'அவர் சொல்றார்'னு சொல்லக் கூடாது. 'நான்'னுதான் சொல்லணும். இது முதல் தப்பு."

எழுத்தர் அதைத் தட்டினார். திரையில் படித்துவிட்டு ஆசிரியர் தலையசைத்தார். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடர்ந்தாள்.

"இந்தப் பெண்ணுக்கு மொழி தெரியும். தொழில் தெரியாது. வெளியில காத்திருந்தப்போ இவங்க தன்னோட அம்மாகிட்ட பேசுறதை நான் பார்த்தேன். வேகமா இருக்கு, அழகா இருக்கு. ஆனா பாதி இவங்க வீட்டுச் சைகை. மாத்திரைக்கு ஒரு சைகை பண்ணினாங்க. அது எனக்கு..." அவள் நிறுத்தினாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு முடித்தாள். "அது எனக்கு சட்டை பட்டன்னு தெரிஞ்சது."

"பட்டனா?" என்று எழுத்தர் நிமிர்ந்தார்.

"பட்டன்தான் சார். எங்கம்மா தையல்காரி" என்று தன் குரலில் சொல்லிவிட்டு, சட்டென ஆசிரியரின் குரலுக்குத் திரும்பினாள். "சாப்பாட்டுக்குப் பிறகு ரெண்டு பட்டன் முழுங்குங்கன்னு சொன்னா நோயாளி என்ன பண்ணுவார்?"

அறை முழுக்கச் சிரித்தது. தலைவியும் சிரித்தார். ஆனால் ஆசிரியர் சிரிக்கவில்லை. அவர் கைகள் இப்போது நிதானமாக அசைந்தன. அவளுடைய குரலும் தணிந்தது.

"காது கேக்காத வீட்டுல பிறந்த பிள்ளைங்க சின்ன வயசுலேருந்தே அப்பா அம்மாவைக் காப்பாத்திப் பழகினவங்க. கெட்ட சேதி வந்தா பாதியை முழுங்கிடுவாங்க. என் அக்கா எனக்கு அப்படித்தான் பண்ணினாங்க. பாசத்துலதான். ஆனா டாக்டர் என்னைப் பத்தி என்ன சொன்னார்னு எனக்குத் தெரிஞ்சாகணும். பாசத்தை நம்பி ஒருத்தரை வேலைக்கு வெக்க முடியாது."

கடைசி வாக்கியம் வரை அவள் ஒரு வார்த்தையையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது, அந்த ஆள் சொல்வது நியாயம்தானே என்று அவளுக்கே தோன்றியது. வேலை போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டாள்.

அப்போதுதான் பின் பெஞ்சில் துணைக்கு வந்து உட்கார்ந்திருந்த அவள் அம்மா எழுந்தாள். ஆசிரியரின் கைகளை ஆரம்பத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். அவளுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. இரண்டு கைகளாலும் பேச ஆரம்பித்தாள். ஆசிரியர் அவள் பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"அவங்க என்ன சொல்றாங்க?" என்றார் தலைவி.

"அந்தம்மா இந்த விசாரணையில இல்லையே மேடம்" என்றார் அதிகாரி.

"மேடம், அது எனக்கு நல்லதில்ல" என்றாள் வாயாடி.

"அப்ப கண்டிப்பா கேக்கணும். சொல்லுங்க."

அவள் அம்மாவின் கைகளைப் பார்த்துச் சொன்னாள். "நான் இவளோட அம்மா. அந்தத் தம்பி சொல்றது சரி. சின்ன வயசுல டீச்சர் இவளைத் திட்டினதை, பாராட்டினதா மாத்திச் சொன்னவ இவ. டீச்சர் மூஞ்சியைப் பார்த்தா எனக்குத் தெரியாதா? காதுதான் கேக்காது, கண்ணு நல்லாத்தான் இருக்கு. கைக்குட்டை கொடுத்தது டீச்சரைச் சமாதானப்படுத்த."

இத்தனை வருடமாக அம்மாவுக்குத் தெரியும்! "ஐயோ அம்மா" என்றாள் வாயாடி. எழுத்தர் அதையும் தட்டிவிட்டார்.

அம்மா விடவில்லை. மகள் தொடர்ந்தாள்.

"ஆனா, எங்க வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் பண்றதுக்கு முன்னாடி, பிழைக்கிறது கஷ்டம்னு டாக்டர் சொன்னார். இவ அப்பா முகத்தைப் பார்த்து அதை அப்படியே சொன்னா. சொல்லிட்டுத்தான் அழுதா. அவர் பிழைச்சுட்டார். ஆனா அன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் பேச வேண்டியதையெல்லாம் பேசிக்கிட்டோம். அதுக்கு நேரம் கிடைச்சது இவளாலதான். இப்ப இவ பொய் சொல்றதில்ல." மகள் தயங்கினாள். அம்மாவின் கை இன்னும் அசைந்துகொண்டிருந்தது. "இவ சமையல்தான் வாயில வெக்க முடியாது."

"அந்தக் கடைசி வரியை எடுத்துடுங்க" என்றார் தலைவி எழுத்தரிடம். ஆசிரியர் திரையைப் படித்துவிட்டுக் கையை ஆட்டினார். அவளே அதைச் சொல்ல வேண்டியிருந்தது. "வேண்டாம், இருக்கட்டும். அதையும் விடாம சொல்லியிருக்காங்க."

தலைவி விளம்பரத்தைக் கையில் எடுத்தார். "இதுல 'டிப்ளமோ அல்லது அதற்கு இணையான தகுதி'ன்னு போட்டிருக்கு. இணையானதா இல்லையான்னு யார் பார்த்தது?" என்று அதிகாரியைக் கேட்டார். அதிகாரி தன் பேனாவை உற்றுப் பார்த்தார். யாரும் அதைப் பார்த்திருக்கவில்லை.

அதனால் சைகை மொழிப் பயிற்சி நிலையத்தில் அவளுக்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். பேச்சில் தேறினாள். உடல் உறுப்புகளையும் நோய்களையும் சொல்லும் பகுதியில் கவிழ்ந்தாள்; கல்லீரலும் மண்ணீரலும் அவள் வீட்டுப் பேச்சில் வந்ததே இல்லை. கடைசியில் முடிவு இப்படி வந்தது: வேலை உண்டு, ஆனால் ஒரு வருடத்துக்குள் மாலை வகுப்பில் படித்துத் தேறியாக வேண்டும். கணவர் அவளைப் பார்த்து வாயைத் திறந்தார். "லைசென்ஸைப் பத்தி ஒரு வார்த்தை பேசினீங்க, பாருங்க" என்றாள். அவர் வாயை மூடிக்கொண்டு டீ போடப் போனார்.

மாலை வகுப்பில் பாடம் நடத்தியது அதே மடிப்புச் சட்டைக்காரர். பட்டன் வரும்போதெல்லாம் மதிப்பெண்ணைக் குறைத்தார். வகுப்பிலேயே மூத்தவள் இவள்தான். அதிகம் திட்டு வாங்கியவளும் இவள்தான். வீட்டுக்கு வந்து கணையத்தையும் பித்தப்பையையும் அம்மாவிடம் செய்துகாட்டிப் பழகுவாள். கொஞ்ச நாளில் அம்மா அக்கம்பக்கத்தில் காது கேட்காத தோழிகளுக்கெல்லாம் உறுப்புப் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டாள்.

வேலையில் சேர்ந்த புதிதில் பிரசவ அறையிலிருந்து அழைப்பு வந்தது. இளம் பெண், முதல் பிரசவம், காது கேட்காது. வாயாடி அவள் கண்ணுக்கு நேரே நின்றுகொண்டாள். டாக்டர் சொல்வது உடனுக்குடன் கைகளில் போனது. ஆனால் அந்தப் பெண்ணால் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு கையும் கட்டில் கம்பியை இறுகப் பிடித்திருந்தன. வலி ஓய்ந்த ஒரு இடைவெளியில் ஒரு கையை விடுவித்துப் படபடவென்று ஏதோ சொன்னாள். வாயாடி உரத்த குரலில் சொன்னாள்: "எனக்குப் போதும். நான் வீட்டுக்குப் போறேன்."

டாக்டர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "யாரு, நீங்களா?"

"இல்ல டாக்டர், அவங்க! நாங்க 'நான்'னுதான் சொல்லணும்."

அதற்குப் பிறகு யாருக்கும் பேச நேரமில்லை. குழந்தை பிறந்து வீறிட்டது. அந்தப் பெண் வியர்வையோடு, 'சத்தம் போடுதா?' என்று கேட்டாள்.

'போடுது, பலமா' என்றாள் வாயாடி.

'எப்படி இருக்கு?'

அதற்கு வகுப்பிலும் சைகை கிடையாது, வீட்டிலும் கிடையாது. அவள் நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து தாயின் மார்பில் படுக்க வைத்தார். வாயாடி அந்தப் பெண்ணின் உள்ளங்கையை எடுத்துக் குழந்தையின் முதுகில் வைத்தாள். அழுகை அங்கே அதிர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் கண்கள் விரிந்தன.

வெளியே வராந்தாவில் குழந்தையின் அப்பாவும் அவர்களுடைய காது கேட்காத நண்பர் கூட்டமும் காத்திருந்தார்கள். கதவைத் திறந்து, பெண் குழந்தை, இருவரும் நலம் என்று சொன்னாள். அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் மேலே எழுந்து விரல்களை விரித்து ஆடின. அவர்கள் கைதட்டும் விதம் அது. ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் கைகளால் பேசினார்கள், தாத்தா ஒருவர் சுற்றிச் சுற்றி ஆடினார். கூட்டத்தைக் கலைக்க வந்த காவலாளி, சுவரில் இருந்த 'சத்தம் போடாதீர்கள்' என்ற பலகையைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், குறை சொல்ல ஒன்றுமில்லாமல் திரும்பிப் போனார்.