அரை ஈரம்

கம்பெனியில் எல்லோரும் சேர்மன் என்று அழைத்தவர் ஆதியில் சுற்றுலா பஸ் நடத்தியவர். ஸ்டியரிங்கைத் தொட்ட பாவம்கூட அவருக்குக் கிடையாது. ஒருவனிடம் பஸ்ஸை வாடகைக்கு எடுத்து இன்னொருவனுக்கு வாடகைக்கு விடுவார். நடுவில் நின்று கும்பிடு வாங்கிக்கொள்வார். பிறகு அதே வித்தையை விமானத்தில் காட்டினார். எவனோ வாங்கிய விமானம், எவனோ ஓட்டுகிறான், எவனோ ஏறுகிறான். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்கிற பழமொழிக்கு இறக்கை முளைத்தால் அதுதான் அவருடைய கம்பெனி.

ஒன்று மூன்றாகி, மூன்று பதினொன்றாயிற்று. வெள்ளி விழா மலரில் இதைத் ‘தொலைநோக்கு’ என்று எழுதியிருந்தார்கள். வாஸ்தவம்தான். தொலைவில் இருப்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பக்கத்தில் நிற்கிற மனிதன்தான் தெரியமாட்டான்.

அப்படிப் பக்கத்தில் பத்தொன்பது வருஷம் நின்றவர் ஸ்டெப்னி. அவர் பழுது பார்க்கும் இன்ஜினியர். ஒவ்வொரு முறையும் விமானத்தைச் சுற்றி வந்து, குனிந்து, தட்டிப் பார்த்து, அவர் கையெழுத்துப் போட்டால்தான் அது கிளம்பும். அந்தப் பெயர் வந்த கதை சின்னது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு விமானத்தை வாடகைக்கு அனுப்பியபோது ஒப்பந்தத்தின் கடைசியில் கூடவே போகும் சாமான்களின் பட்டியல் இருந்தது: உதிரிச் சக்கரம் இரண்டு, ஜாக்கி ஒன்று, இன்ஜினியர் ஒருவர். அதைப் படித்த விமானிகள் அன்றைக்கே பெயர் சூட்டிவிட்டார்கள். அவரும் சிரித்தார். வீட்டில் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை.

“ஸ்டெப்னின்னா வண்டிக்குள்ளயாவது இருக்கும். நீங்க எங்க இருக்கீங்க?”

அவளும் அதே கம்பெனியில்தான் இருந்தாள். ஸ்டோர் ரூமுக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத அறையில் ஒரு தையல் மிஷின். விமானம் எந்தக் கம்பெனிக்குப் போகிறதோ அந்தக் கம்பெனியின் பட்டையைப் பணிப்பெண்களின் உடுப்பில் தைக்க வேண்டும். திரும்பி வந்ததும் பிரித்துவிட்டு அடுத்ததைத் தைக்க வேண்டும். சேர்மனின் வளர்ச்சி எத்தகையது என்று அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். துணி அதே துணி, ஓட்டை அதே ஓட்டை, பெயர் மட்டும் வேறே.

அந்தத் தொழிலில் இரண்டு சொற்கள் உண்டு. விமானத்தை மட்டும் கொடுத்தால் டிரை லீஸ், காய்ந்த வாடகை. விமானிகள், பணிப்பெண்கள், இன்ஜினியர் என்று ஆட்களையும் சேர்த்து அனுப்பினால் வெட் லீஸ், ஈர வாடகை. மனிதன் இருந்தால் ஈரம், இல்லாவிட்டால் காய்ந்தது. இந்தப் பெயரை வைத்தவன் யாரோ, அவனுக்கு நெஞ்சு என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். சேர்மனிடம் ஈரம் இருந்தது ஒப்பந்தத்தில் மட்டும்தான்.

மனைவிக்கு முதல் ஆபரேஷன் நடந்தபோது ஸ்டெப்னி ஈரமாகத்தான் போயிருந்தார். எங்கோ ஒரு வெயில் தேசத்தில், யாருடைய பெயரையோ சட்டையில் சுமந்துகொண்டு, விமானத்தின் வயிற்றுக்கடியில் படுத்திருந்தார். வந்து சேர்ந்தபோது தையல் பிரித்து மூன்று நாள் ஆகியிருந்தது. “நல்லாத் தச்சிருக்காங்க, நானே பாத்து மார்க் போட்டேன்” என்றாள் அவள். அந்த வார்த்தை அவருக்குள் முள்ளாகக் கிடந்தது.

இரண்டாவது முறை டாக்டர் ஆபரேஷன் பற்றிப் பேசவேயில்லை. மூன்று நான்கு மாதம் என்றார். கூடவே இருங்கள் என்றார். ஸ்டெப்னி வீரர் அல்ல. உத்தரவை முழுதும் கேட்பதற்கு முன்பே சரி சார் என்று சொல்லிப் பழகிய நாக்கு அது. ஆனாலும் அன்று சேர்மனின் அறைக்குப் போய், நின்றபடியே கேட்டுவிட்டார்: அடுத்து வெளியே போகிற விமானம் டிரையாகப் போகட்டும். சேர்மன் எழுந்து வந்து தோளில் கை போட்டு, நாலு பேர் பார்க்க வாக்குக் கொடுத்தார். அந்த நாலு பேரும் அவர் பெருந்தன்மையைப் புகழ்ந்துகொண்டே மதியச் சாப்பாட்டுக்குப் போனார்கள்.

ஒப்பந்தம் பேசப் போனது சேர்மனின் மருமகன். கம்பெனி முழுவதும் அவனை மாப்பிள்ளை என்றே அழைத்தது. மாப்பிள்ளை என்பதைத் தவிர அவனுக்கு வேறு தகுதி கிடையாது. அவன் சிரித்த முகத்தோடு திரும்பி வந்தான். டிரைதான், ஆனால் முழு டிரை இல்லை, டேம்ப் என்றான். பணிப்பெண்கள் அவர்களுடையவர்கள், விமானிகளும் இன்ஜினியரும் நம்மவர்கள். தொழிலில் அப்படியும் ஒரு வகை உண்டு. அந்த ரக விமானத்துக்குக் கையெழுத்துப் போடும் லைசென்ஸ் கம்பெனியில் இரண்டு பேரிடம்தான் இருந்தது. இன்னொருவர் ஏற்கெனவே வேறொரு விமானத்தோடு வாடகைக்குப் போயிருந்தார்.

கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது ஸ்டெப்னி ஆபீஸுக்குப் போகவில்லை. மறுநாள் சாயங்காலம் சேர்மனே வீடு தேடி வந்தார். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லாததை ஒரு மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்டு மூச்சு வாங்கினார். மாப்பிள்ளை பழக்கூடையோடு பின்னால் வந்தான். படுக்கை முன்னறையில்தான் இருந்தது, ஜன்னலோரமாக. கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. சேர்மன் அதை விலக்கிவிட்டு உட்கார்ந்தார்.

கம்பெனி ஒரு குடும்பம் என்று ஆரம்பித்தார். நர்ஸ் ஏற்பாடு செய்கிறேன், பகலுக்கு ஒருத்தி, ராத்திரிக்கு ஒருத்தி என்றார். வாடகைக்கு ஆள் பிடிப்பதைத் தவிர அந்த மூளையில் வேறொன்றும் முளைக்காது.

படுத்திருந்தவள்தான் கேட்டாள். “டிரைன்னு சொன்னீங்களே சார்?”

“டிரை மாதிரிதாம்மா. டேம்ப். லேசா ஈரம், அவ்வளவுதான்.”

அவள் கையை நீட்டிக் கொடியில் தொங்கிய சட்டையின் காலரைத் தொட்டுப் பார்த்தாள். “அரை ஈரத்துல மடிச்சு வச்சா துணி நாறிடும் சார்.”

சேர்மன் மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். “அம்மா நல்லா தமாஷா பேசறாங்க.” பிறகு ஸ்டெப்னியிடம் திரும்பினார். “மூணே மாசம். என்ன சொல்றீங்க?”

சரி சார் என்பது நாக்கு நுனி வரை வந்திருக்கும். மனைவி அவரைப் பார்க்கவில்லை, காலரையே தடவிக்கொண்டிருந்தாள்.

“போகலை சார்” என்றார் ஸ்டெப்னி.

குரல் அவருக்கே புதிதாக இருந்தது. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். “நான் போகலை.”

சேர்மன் பழக்கூடையை விட்டுவிட்டுப் போனார். அதுவே அவர் செய்த பெரிய தியாகம். வேலை நீக்கக் கடிதம் மறுநாளே வந்தது. ஒரு பக்கக் கடிதத்தில் ‘வருத்தத்துடன்’ என்ற சொல் மூன்று இடத்தில் இருந்தது. கம்பெனி இடிந்துவிழும் என்று எதிர்பார்ப்பவர்கள் உலகம் தெரியாதவர்கள். வேறொரு கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியரை வாடகைக்கு எடுத்தார்கள். விமானம் ஒன்பது நாள் தாமதமாகக் கிளம்பியது. அந்த வருஷமே இன்னும் இரண்டு விமானம் சேர்ந்தது. மாப்பிள்ளை டைரக்டர் ஆனான்.

ஸ்டெப்னிக்கு எழுபத்தோரு நாள் கிடைத்தது. துவைத்தார், பிழிந்தார், உலர்த்தினார். விமானத்தின் போல்ட்டை விரல் நுனியால் சோதிக்கிறவருக்குத் துணி காய்ந்ததா என்று பார்க்கத் தெரியவில்லை. புறங்கையால் தொட்டுப் பாருங்கள், உள்ளங்கை பொய் சொல்லும் என்று அவள் படுக்கையிலிருந்தே கற்றுக்கொடுத்தாள். சில நாள் இருவரும் ஜன்னலில் போகிற விமானங்களைப் பார்த்தார்கள். அது எந்தக் கம்பெனி என்று அவள் கேட்பாள். இன்றைக்கா, போன மாதமா என்று அவர் கேட்பார். அவளுக்குச் சிரித்தால் வலிக்கும், ஆனாலும் சிரிப்பாள்.

எழுபத்திரண்டாம் நாள் காலையில், அவர் கை அவள் கைமேல் இருக்கும்போதே எல்லாம் முடிந்தது.

மத்தியானம் பூக்கடை வேன் ஒன்று வந்து நின்றது. டிரைவர் பெரிய மலர் வளையத்தை மூன்று மாடி தூக்கி வந்து, சுவரில் சாய்த்துவிட்டு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் போய்விட்டான். ரிப்பனில் கம்பெனியின் பெயரைத் தங்க எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். இறந்தவளுடைய பெயர் இல்லை.

மனைவியின் தம்பி படிக்கட்டு வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

“இது மட்டுந்தான் வந்திருக்கு அத்தான். கூட ஆள் யாரும் வரலையே?”

ஸ்டெப்னி ரிப்பனைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

“டிரை லீஸ்” என்றார்.

தம்பிக்குப் புரியவில்லை. கேட்டுச் சிரித்திருக்க வேண்டியவள் ஜன்னலோரம் படுத்திருந்தாள்.