துர்கா விட்ட வரி

சாரம் பகுதியில் ஒரு மாடி வீட்டில் இயங்கிய அந்தச் சின்ன மென்பொருள் அலுவலகத்தில் இளம்பரிதிக்குத்தான் முதல் மரியாதை. மில் தொழிலாளியின் மகன். முட்டி மோதிப் படித்து வந்தவன். முதலாளி ராஜாங்கம் எதற்கெடுத்தாலும் "பரிதிகிட்ட கேளு" என்பார். துர்கா வேலைக்குச் சேர்ந்தபின் அந்தப் பேச்சு நின்றுபோனது. சேதராப்பட்டில் ஒரு சோப்புக் கம்பெனியின் வேலை வந்தபோது அவளிடம்தான் கொடுத்தார். அவள் சிரித்தாலே இவனுக்கு வயிறு எரிந்தது.

சோப்புப் பெட்டிகளின் எடை ஒரு ஃபைலில் வரிசையாகப் பதிவாகும். எடை குறைந்த பெட்டியின் பதிவில் 'ரிஜெக்ட்' என்று புரோகிராம் குறிக்க வேண்டும். துர்கா எழுதியதைச் சரிபார்க்க இளம்பரிதியிடம் தந்தார்கள். பார்த்ததுமே பிடிபட்டது. ஒரு பதிவைப் படித்து முடித்ததும், ஃபைலில் நிற்கும் இடம் அடுத்த பதிவுக்கு நகர்ந்துவிடும். எழுதுவதற்கு முன் அதைப் பின்னால் கொண்டுவர வேண்டும். அந்த வரியைத் துர்கா விட்டிருந்தாள்.

'சரியாக இருக்கிறது' என்று எழுதி அனுப்பிவிட்டான்.

மறுநாளே கம்பெனியிலிருந்து போன். எடை குறைந்த பெட்டிகள் லாரி ஏறிவிட்டன; அவற்றுக்கு அடுத்து வந்த நல்ல பெட்டிகள் 'ரிஜெக்ட்' ஆகி ஓரமாகக் குவிந்து கிடந்தன. ராஜாங்கம் இருவரையும் அனுப்பினார்.

சூப்பர்வைசர் சத்தம் போட, துர்கா திரையையே வெறித்துக்கொண்டிருந்தாள். அவள் திண்டாடுவதை ரசிக்கலாம் என்றுதான் இளம்பரிதி வந்திருந்தான். அவள் முதல் வரியிலிருந்து மறுபடி தேடத் தொடங்கியதைப் பார்த்ததும் முடியவில்லை.

"படிச்சதும் இடம் நகர்ந்துடுது பாரு. எழுதறதுக்கு முன்னாடி ஒரு பதிவு பின்னாடி வரணும்."

அவள் வரியைச் சேர்த்தாள். குறி சரியான பெட்டியில் விழுந்தது.

"எப்படிண்ணா உடனே கண்டுபுடிச்சீங்க?"

"நேத்தே பாத்துட்டேன்."

"சொல்லியிருக்கலாம்ணா" என்றாள். அவ்வளவுதான்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் நேராக ராஜாங்கத்திடம் போனாள். "தப்பு என்னுதுதான் சார். அண்ணன்தான் சரி பண்ணாரு." இவன் முதல் நாளே பார்த்ததைப் பற்றி மூச்சு விடவில்லை.

"இப்படி நேரா ஒத்துக்கற ஆளு கெடைக்கறது கஷ்டம்மா" என்று, அடுத்த வேலையையும் அவளிடமே ஒப்படைத்தார் ராஜாங்கம்.

காட்டிக்கொடுத்திருந்தால்கூடத் தேவலை, நிம்மதியாக வெறுத்திருக்கலாம் என்று நினைத்தான் இளம்பரிதி. அதன்பின் அவள் எழுதியதையெல்லாம் வரி விடாமல் படித்தான். குறை கண்டால் அப்போதே எழுந்துபோய்ச் சொன்னான். அவளும் சிரித்தபடி திருத்திக்கொண்டாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போது அவனுக்கு வயிறு எரிவது மட்டும் நிற்கவே இல்லை.