பீலித் தண்ணீரில் ஒரு கடல்

இன்று காலை மீன் தொட்டியை விற்றுவிடலாம் என்று படம் எடுத்தேன்.

என் மனைவி கமலா எட்டிப் பார்த்தாள். "மீனு எங்கங்க? பாசிதான் தெரியுது."

படத்தில் மட்டுமல்ல, தொட்டியிலும் அப்படித்தான்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இது சாதாரண மீன் தொட்டி அல்ல. உப்புக் கலந்த தண்ணீரில் உயிருள்ள பவளங்களை வளர்க்கும் தொட்டி. அதுவும் மலைநாட்டு ஹட்டனில். (நமக்கே கம்பளி போதாத ஊரில், ஹீட்டர் போட்டு ஒரு கடலை வைத்திருக்கிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். கமலா எப்போதோ சிரித்து முடித்துவிட்டாள்.)

ஆனால் இதற்கு அவள்தான் காரணம்.

நான் ஓய்வுபெற்ற பிறகு திருகோணமலைக்குப் போனோம். அடியில் கண்ணாடி பதித்த படகில் ஏறினோம். நான் பயத்தில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தேன். அவள் குனிந்தவள் நிமிரவே இல்லை.

கரையேறியதும் கேட்டாள். "இதுல கொஞ்சத்த வீட்டுக்குக் கொண்டு போக முடியாதாங்க?"

விளையாட்டாகக் கேட்டதுதான். விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ள எனக்குத் தெரியாது. விஞ்ஞானம் படிப்பித்தவன் வேறு. படித்துப் படித்து, ஒவ்வொரு சாமானாகச் சேர்த்தேன்.

அவை நல்ல நாட்கள். நீல வெளிச்சத்தில் பவளங்கள் விரிந்து அசையும். தீபாவளிக்கு வந்தவர்கள் டீவி பக்கமே திரும்பவில்லை. கமலாவின் அக்கா தேயிலைக் கொழுந்து பறித்தே ஓய்ந்தவர், கடலைப் பார்த்ததில்லை. தொட்டிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நம்ம தாத்தா இந்தியாவுலேருந்து கப்பல்ல வரும்போது கீழ இதெல்லாம் இருந்திருக்கும்ல?" என்று கேட்டார்.

ஆளாளுக்கு ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டோம்.

பிறகு பாசி வந்தது.

தண்ணீரை மாற்றினேன். இன்னும் வந்தது. இன்னும் அடிக்கடி மாற்றினேன். தீனியைக் குறைத்தேன், விளக்கைக் குறைத்தேன். பவளங்கள் ஒவ்வொன்றாக வெளுத்துச் செத்தன. என் கைதான் ராசியில்லாத கை என்ற முடிவுக்கு வந்தேன். மிஞ்சியது ஒரு சோடிக் கோமாளி மீன், காளான் மாதிரி ஒரு பவளம்.

நேற்று கமலா சொன்னாள். "ஒன்னு திரும்பப் புதுசா ஆரம்பிங்க, இல்ல யாருக்காச்சும் குடுத்துருங்க. தெனம் அது முன்னாடி மூஞ்சியத் தொங்கப் போட்டு நிக்கிறத என்னால பாக்க முடியல."

விற்றுவிடலாம் என்றேன். புதிதாக ஆரம்பித்து மறுபடியும் சாகடிக்கத் தைரியம் வரவில்லை.

படத்தை இணையத்தில் போட்ட கொஞ்ச நேரத்தில் நுவரெலியாவிலிருந்து ஒரு தம்பி அழைத்தார்.

"சேர், இன்னைக்கே வந்து எடுத்துக்கிறேன். வேன் இருக்கு. தண்ணிய மட்டும் டெஸ்ட் பண்ணி ஒரு போட்டோ அனுப்புங்களேன்."

வழக்கமாக, டெஸ்ட் கிட்டோடு வந்த வர்ண அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். வெளியாளுக்கு அனுப்புவதல்லவா, வகுப்பில் செய்வது போல முறையாகச் செய்ய நினைத்தேன். ஒரு குழாயில் தொட்டித் தண்ணீர். பக்கத்துக் குழாயில், ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான தண்ணீர். இரண்டிலும் மருந்துத் துளி விட வேண்டும்; பாசிக்குத் தீனியாகும் நைட்ரேட் இருந்தால் சிவக்கும், இல்லாவிட்டால் மஞ்சளாகவே நிற்கும்.

சுத்தமான தண்ணீர் என்று வாளியில் இருந்த பீலித் தண்ணீரை ஊற்றினேன். (மலை ஊற்றை மூங்கிலோ தகரமோ வைத்து விழவிட்டால் அதுதான் பீலி.)

தொட்டித் தண்ணீர் சிவந்தது. தெரிந்ததுதான்.

பீலித் தண்ணீரும் சிவந்தது.

குழாயைக் கழுவி மறுபடியும் செய்தேன். சிவப்பு. கடைப் போத்தல் தண்ணீரில் செய்தேன். மஞ்சள்.

வீட்டுக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறதென்று, பக்கத்துத் தோட்டத்துப் பீலியில் விழும் ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து வந்துதான் இத்தனை காலமும் உப்புக் கலந்தேன். அந்தப் பீலிக்கடியில் நின்று பல் கிடுகிடுக்கக் குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனவன் நான். "பீலித் தண்ணி குடிச்சவனுக்குச் சீக்கு வராது" என்று அம்மா சொல்லுவார். எதை எதையோ சோதித்த நான் அதை மட்டும் சோதிக்கவில்லை. சோதித்திருந்தால் அம்மாவையே சந்தேகப்பட்டது போல இருந்திருக்கும்.

"பீலிக்கு மேல தேயிலை மலை" என்றேன். "போடுற உரமெல்லாம் மழையோட கீழதான எறங்கும்."

கமலா கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நீங்க தண்ணி மாத்துறேன் மாத்துறேன்னு..."

"ஆமா. உரம் போட்டிருக்கேன்."

சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். "பாசித் தோட்டத்துக்கு நல்ல தொரைங்க நீங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் வெகுநாளைக்குப் பிறகு என் கையைப் பார்த்தேன். அது சாதாரணக் கையாகத்தான் இருந்தது.

அப்போது தொலைபேசி அடித்தது. "சேர், தலவாக்கலை தாண்டிட்டேன். இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துருவேன்."

நான் யாருக்கும் 'இல்லை' என்று சொல்லிப் பழகாதவன். (வீட்டில் மூன்று பிரஷர் குக்கர் இருப்பது அதனால்தான்.) கமலாவைப் பார்த்தேன்.

"என்னைய ஏன் பாக்கிறீங்க? வாய் இல்லையா?"

"தம்பி... மன்னிச்சுக்கங்க. தொட்டிய குடுக்கிறதா இல்ல."

"வேற யாருக்காச்சும் சொல்லிட்டீங்களா சேர்?"

"இல்ல தம்பி. நானே வச்சுக்கிறேன்."

அந்தப் பக்கம் வேன் ஓரங்கட்டும் சத்தம் கேட்டது. "சரி சேர். இவ்வளவு தூரம் வந்துட்டேன், ஒரு டீயாச்சும் குடுங்க."

வந்தார். குடித்தார். மிஞ்சிய பவளத்தை நெடுநேரம் குனிந்து பார்த்தார். "இது இன்னும் சாகல சேர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனி மழைத் தண்ணீர்தான். தகரக் கூரையில் பட்டு வருவது ஆகாது. திறந்த வெளியில், நேராகப் பிடிக்க வேண்டும். கமலா உற்சாகமாகப் பித்தளை அண்டாவைத் தூக்கி வந்தாள். பித்தளையில் செம்பு இருக்கிறது, பவளத்துக்கு விஷம் என்றேன்.

"எங்க அம்மா குடுத்த சீதனம், ஒரு மீனுக்கு ஆகாதாக்கும்" என்று திரும்பத் தூக்கிப் போனாள்.

இப்போது வீட்டிலுள்ள பிளாஸ்டிக் வாளி, பேசின் எல்லாம் முற்றத்தில் வரிசையாக நிற்கின்றன. முதல் வாளியைச் சோதித்த பிறகுதான் மற்றது. இனி மழையைக்கூட நம்புவதாக இல்லை.

குடையில்லாமல் வெளியே இறங்க முடியாத ஹட்டனில், காலையிலிருந்து சுள்ளென்று வெயில்.

எங்களுக்கு மழை ஏறி வரும் கினிகத்தேனைப் பக்கம் இருப்பவர்களே, அங்கே மேகம் ஏதும் தெரிகிறதா?